புதிய விமானியும் சிறிய கம்பெனியும்

200 மணி நேரம் பறந்து வர்த்தக விமானி லைசென்ஸ் பெற்ற இளைஞர் பலர், பெரிய ஜெட் விமானக் கம்பெனி அழைக்கட்டும் என்று காத்திருப்பதைக் காண்கிறோம். சிறு நகரங்களை இணைக்கும் பிராந்தியக் கம்பெனியை அவர்கள் இரண்டாந்தரமாகக் கருதுவது சரியன்று என்பது நம் எண்ணம்.

இக்கம்பெனிகள் பலவும் ஏறத்தாழ 70 பேர் அமரும் ஏ.டி.ஆர். 72 என்ற புரொப்பெல்லர் விமானத்தை ஓட்டுகின்றன. பயணங்கள் குறுகியவை, ஆதலால் ஒரே நாளில் பல முறை ஏறவும் இறங்கவும் நேரிடும். தானியங்கிக் கருவி விமானத்தைச் செலுத்தும் நெடும்பொழுதில் விமானியின் கை பழகுவதில்லை. ஏறுதலிலும் இறங்குதலிலுமே பழகுகிறது. சிம்லாவில் மலையுச்சியைச் சமன்செய்து அமைத்த ஓடுபாதையின் நீளம் சுமார் 1,200 மீட்டரே. அங்கே தேர்ந்த காப்டன் இறங்குவதை அருகிலிருந்து காண்பதே ஒரு கல்வி!

ஏ.டி.ஆர். பயிற்சி ஜெட்டுக்குச் செல்லாது; பின்னர் மீண்டும் பயில வேண்டும் என்பது மெய்தான். அதனினும் பெரிய கவலை கம்பெனியின் ஆயுள். 2017 ஏப்ரலில் சிம்லா–டில்லி மார்க்கத்தில் தொடங்கிய உடான் திட்டத்தில், ஒரு மார்க்கத்துக்கு நஷ்டஈட்டு உதவி மூன்றாண்டுகளுக்கே உண்டு. அதன்பின் பிரயாணிகளின் கட்டணமே அதைத் தாங்கவேண்டும். 2015-இல் ஹைதராபாத்திலிருந்து பறக்கத் தொடங்கிய ட்ரூஜெட் 2022-இல் நின்றுபோயிற்று.

எனவே, உதவி முடிந்த பின்னும் எத்தனை மார்க்கங்களில் விமானம் செல்கிறது, சம்பளம் உரிய தேதியில் வருகிறதா என்பவற்றை அங்குள்ள துணை விமானிகளிடமே கேட்டறியலாம். பயிற்சிச் செலவுக்காக எழுதி வாங்கும் ஒப்பந்தத்தில், கம்பெனியே மூடப்பட்டால் அத்தொகை என்னவாகும் என்ற பகுதியைக் கையெழுத்திடுமுன் படித்துவிட வேண்டும்.