உறைகாப்பி ஆக்கும் முறை

வீட்டு வாயிலை மிதித்தாரை ஒரு செம்பு தண்ணீர் தந்து வரவேற்றல் கொங்கு நாட்டார் வழக்கம். தண்ணீரை அடுத்துக் காப்பி தருதலும் சென்ற நூற்றாண்டில் அவ்வழக்கத்தோடு ஒட்டிக்கொண்டது. ஆயின், சித்திரை வைகாசித் திங்களில், பல்லடம் போன்ற ஊர்களிலே நண்பகல் வெப்பம் 35 பாகையைக் கடந்து நிற்கும்பொழுது, ஆவி பறக்கும் காப்பியை நீட்டுவார்க்கும் தயக்கம்; பெறுவார்க்கும் தயக்கம். இத்தயக்கத்தைப் போக்க வல்லது, காப்பியைப் பாலொடும் பனிக்கட்டியொடும் சேர்த்தடித்துக் கூழ்போல் ஆக்கிய குளிர்பானமாகும். கோயம்புத்தூரிலும் திருப்பூரிலும் உள்ள பெருங்கடைகளில் இதனை வாங்கிப் பருகுவார் பலர். ஒரு குவளையின் விலையோ, விடுதியில் வதியும் மாணவர் பலர்க்கு ஒரு நாளுணவுக்காகும் செலவை ஒப்பது. இதனை வீட்டிலே எங்ஙனம் ஆக்குவது, ஆக்குங்கால் நேரும் குறைகள் யாவை, அவற்றின் காரணம் என்னை என்பனவற்றை ஈண்டு எடுத்துரைக்கப் புகுகின்றோம்.

முதற்கண் பெயரைப் பற்றிச் சிறிது கூறுவாம். கடைகளில் இதற்கு வழங்கும் பெயர்களுள் பிராப்புச்சினோ என்பது பெரிதும் பரவியது. அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரப் பகுதியில் காப்பி கனெக்ஷன் என்னும் கடையினர் 1992-இல் இப்பெயரை வழங்கலாயினர். 1994-இல் அக்கடைகளை ஸ்டார்பக்ஸ் நிறுவனத்தார் விலைக்குக் கொண்டு, அடுத்த ஆண்டில் அப்பானத்தைத் தங்கள் கடைகளிற் பரப்பினர். பிராப்பே என்னும் பிரெஞ்சுச் சொல்லுக்கு அடிக்கப்பட்டது என்பது பொருள்; பானங்களைக் குறிக்குமிடத்துப் பனியிற் குளிர்விக்கப்பட்டது என்னும் பொருளும் உண்டு. கப்புச்சினோ என்பதோ, கப்புச்சின் துறவியர் அணியும் பழுப்பு நிற அங்கியின் நிறத்தை ஒத்திருத்தலால் பாற்காப்பிக்கு வந்த பெயர். இவ்விரண்டும் ஒட்டியதே பிராப்புச்சினோ. இஃது ஒரு நிறுவனத்தார்க்கு உரிமையான வணிகப் பெயர் ஆதலின், யாம் இக்கட்டுரையில் உறைகாப்பி என்றே வழங்குவாம்.

இப்பானத்துக்கு வேண்டும் பொருள்களை எண்ணிப் பார்த்தால் ஒரு வியப்புத் தோன்றும். காப்பிக்கொட்டை, கொங்கு நாட்டைச் சூழ்ந்து நிற்கும் நீலகிரி, ஆனைமலை, சேர்வராயன் மலைகளில் விளைவது. பால், நம் ஊர்த் தொழுவங்களிற் கறப்பது. நாட்டுச்சர்க்கரை, கவுந்தப்பாடிப் பக்கத்தில் காய்ச்சுவது. எஞ்சிய ஒன்றாகிய பனிக்கட்டியே ஒரு காலத்தில் கடல் கடந்து வந்தது. அதுவும் பாஸ்டனிலிருந்தே வந்தது! பிரெடரிக் டியூடர் என்னும் வணிகர், குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளை அறுத்தெடுத்த பனிப்பாளங்களைக் கப்பலேற்றி, 1833-இல் கல்கத்தாவுக்கு அனுப்பினார். நான்கு திங்கள் கடலில் மிதந்து, வழியில் ஒரு பகுதி உருகியும், பெரும்பகுதி உருகாமலே கரை சேர்ந்தது. சென்னையில் அப்பனியைச் சேமித்து வைப்பதற்காக 1842-இல் எழுந்த கட்டடமே ஐஸ் ஹவுஸ். 1897-இல் சுவாமி விவேகானந்தர் தங்கியதும் இக்கட்டடத்திலேயாம். இன்று அது விவேகானந்தர் இல்லம் எனப் பெயர் தாங்கி நிற்கின்றது. இந்நாட்டிலேயே எந்திரங்களாற் பனிக்கட்டி செய்யத் தொடங்கியபின் அக்கப்பல் வாணிகம் அற்றொழிந்தது. கொங்கு நாட்டுக்கு 1932-இல் பைக்காரா மின்னாற்றல் வந்தது. பின்னர்க் குளிர்பதனப் பெட்டியும் மிக்ஸியும் நம் அடுக்களைக்குள் புகுந்தன. ஆகவே, ஏரிப்பனிக்குக் காத்திருந்த நாடு, இன்று வேண்டியபொழுது வீட்டிலேயே பனியை ஆக்கிக்கொள்கின்றது.

நிற்க. பொருள்கள் யாவும் கைக்கு எட்டியிருந்தும், வீட்டில் ஆக்கும் உறைகாப்பி பெரும்பாலும் சுவையின்றித் தண்ணீராய்ப் போகின்றது. அடுக்களையிற் கேட்கும் முறையீடு இதுவேயாம். இதன் காரணத்தை இயற்பியல் கூறும். 0 பாகையிலுள்ள பனிக்கட்டி அதே 0 பாகையில் நீராதற்கு வேண்டும் வெப்பமும், அந்நீர் 80 பாகை வரை சூடேறுதற்கு வேண்டும் வெப்பமும் ஏறத்தாழ ஓரளவின. ஆதலின், 80 பாகைச் சூட்டிலுள்ள 100 மில்லிலிட்டர் டிகாக்ஷனைப் பனிக்கட்டியின்மேல் ஊற்றுவோமாயின், அது 0 பாகையை அடைதற்குள் ஏறக்குறைய 100 கிராம் பனிக்கட்டியை உருக்கிவிடும். 100 மில்லிலிட்டர் காப்பி 200 ஆயிற்று. கூடிய பாதியும் வெறுந்தண்ணீர். டிகாக்ஷனை ஆறவைத்துச் சேர்ப்பினும், பருகி முடிப்பதற்குள் உருகும் பனி மேன்மேலும் நீரையே கலக்கின்றது. நாம் வேண்டுவது குளிர்ச்சி. பனிக்கட்டி தருவதோ குளிர்ச்சியும் நீரும். குளிர்ச்சியை மட்டும் பெற்று நீரை விலக்குவது எங்ஙனம் என்பதே இக்கலையின் முழுமையான வினா.

இதற்கு விடை எளிது. தண்ணீரை உறையவைப்பதற்கு மாறாகக் காப்பியையே உறையவைத்தல் வேண்டும். காப்பிக்கட்டி உருகினால் காப்பியே ஆகும். எவ்வளவு உருகினும் சுவை குன்றாது. இனி, இருவர்க்கு ஆக்குமாறு கூறுவாம்.

பில்டரின் மேற்கலத்தில் 30 கிராம் காப்பித்தூளை இட்டு, மெல்ல அழுத்தி, 150 மில்லிலிட்டர் கொதிநீரைச் சுற்றிலும் ஊற்றி மூடிவிடுக. தூள் தன் எடையைப்போல் இரு மடங்கு நீரைத் தன்பால் நிறுத்திக்கொள்ளுமாதலின், கீழ்க்கலத்தில் இறங்குவது 90 மில்லிலிட்டர் அளவினதாகும். அது சூடாக இருக்கும்பொழுதே 25 கிராம் சர்க்கரையை இட்டுக் கரைத்துக்கொள்க. குளிர்ந்த நீரிற் சர்க்கரை எளிதிற் கரைவதில்லை. பின்னர், 300 மில்லிலிட்டர் பாலை 200 ஆகும்வரை சுண்டக் காய்ச்சி, ஆறவிட்டு, மேற்படிந்த ஏட்டை எடுத்துவிடுக. டிகாக்ஷனில் 60 மில்லிலிட்டரையும் பாலிற் சரிபாதியையும் கலந்து, பனிக்கட்டித் தட்டில் வார்த்து, இரவு முழுவதும் உறையவிடுக. எஞ்சிய பாலையும் டிகாக்ஷனையும் மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வைக்க. மிக்ஸியின் பாத்திரத்தையும், பருகும் குவளைகளையும் கால்மணி நேரம் குளிரவைத்தல் நன்று. சூடான பாத்திரமும் பனியை உருக்கும் என்பதை மறத்தல் கூடாது.

மறுநாள் அடிக்குங்கால் திரவத்தையே முதலில் ஊற்றுதல் வேண்டும். அலகு சுழலும்பொழுது திரவம் சுழித்துக் கட்டிகளைக் கீழே இழுத்துத் தரும். திரவமின்றிக் கட்டிகளை மட்டும் இட்டால் அவை துள்ளித் துள்ளி அலகையும் மூடியையும் மோதும். மூடியைக் கையால் அழுத்திப் பிடித்து, ஐந்தைந்து நொடியாக நான்கு முறை விட்டுவிட்டுச் சுழற்றி, இறுதியில் 15 நொடி ஓடவிடுக. தொடக்கத்திற் கடகடவென எழும் ஒலி மாறி, ஒரே சீரான இரைச்சல் கேட்டவுடன் நிறுத்திவிடுக. அதற்குமேல் ஓட்டினால் அலகின் உராய்வும் மோட்டாரின் சூடும் பனியை உருக்கும். கலவை இறுகி அலகு வெறுமனே சுழலுமாயின், மிக்ஸியை நிறுத்திய பின்னரே கரண்டியாற் கிளறி, இரண்டு கரண்டி பால் சேர்க்க. ஏட்டை முன்னரே எடுக்கச் சொன்னதன் காரணம் என்னையெனின், குளிர்ந்த ஏடு வேகமாய்ச் சுழன்றால் வெண்ணெயாய்த் திரண்டு நாவில் துணுக்குத் துணுக்காய்ப் படும் என்க.

பாலைச் சுண்டக் காய்ச்சுதற்கும் காரணம் உண்டு. பனி நீரினும் இலேசானது. ஆகையாற் பனித்துகள் மேலே மிதக்க, காப்பி கீழே வடிந்து இரண்டாய்ப் பிரிகின்றது. கலவை கெட்டியாக இருந்தால் இப்பிரிவு தாமதப்படும். பெருங்கடைகளில் இதற்கெனப் பிசின் வகைகளைச் சேர்ப்பர். நமக்குச் சுண்டிய பாலின் கொழுப்பும் புரதமும் அப்பணியைச் செய்யும். எருமைப்பால் கிடைப்பின் மிக நன்று. தூளிற் கலந்துள்ள சிக்கரியும் கெட்டித்தன்மை தரும். ஆயினும், சிக்கரி கலந்த தூளில் காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறைதல் ஆகாது என்பது நாட்டின் உணவுச் சட்டம். வாங்குவோர் உறையின்மேல் அச்சிட்டிருக்கும் விகிதத்தை நோக்குதல் வேண்டும். சர்க்கரையும் இனிப்பொன்றே தருவதன்று. நீர் உறையும் நிலையை அது தாழ்த்துகின்றது. அதனாலேயே சர்க்கரை கலந்த காப்பிக்கட்டி, வெறும் நீர்க்கட்டியைப்போல் கல்லாய் இறுகாமல், அலகுக்கு இளகிக் கொடுக்கின்றது.

சர்க்கரையைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லவேண்டும். குளிர்ந்த பொருளில் இனிப்பு நாவுக்கு மங்கித் தோன்றும். அதனை ஈடுசெய்யக் கடையினர் மிகுதியாய்ச் சேர்ப்பர். பெரிய குவளையொன்றில் 50 கிராமை எட்டும் சர்க்கரை இருத்தலும் உண்டு. வளர்ந்தார் ஒருவர் ஒரு நாள் முழுவதும் கொள்ளும் சேர்ப்புச் சர்க்கரை ஏறத்தாழ 50 கிராமுக்குள் நிற்றல் வேண்டும் என்றும், 25 கிராமுக்குள் நிற்பின் மேலும் நன்று என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் அறிவுறுத்தியுள்ளது. யாம் மேலே கூறிய அளவில் ஒருவர்க்கு 13 கிராமுக்கு மேற்படாது. சர்க்கரைக் கரண்டி நம் கையில் இருத்தலே வீட்டில் ஆக்குவதன் முதற்பயன். நீரிழிவுடைய பெரியோர் உள்ள இல்லங்களில் இஃது உயிர்க்காப்பாகவும் அமையும்.

இரண்டாம் பயன் தூய்மை. உறைந்த மாத்திரத்தில் நோய்க்கிருமிகள் யாவும் மடிந்துவிடும் என்று எண்ணுவார் உளர். அஃது உண்மையன்று; அவற்றுட் பல உறைந்து கிடந்து, உருகியபின் மீண்டும் உயிர்த்தெழும். கடைத்தெருவில் விற்கும் பெரும்பாளங்கள் பல, மீன் முதலியவற்றைக் குளிர்விக்கச் செய்தவை. உண்ணத்தகாத அத்தகைய பனிக்கட்டியை வேறு பிரித்தறியும்பொருட்டு, அதற்கு நீல நிறம் ஊட்டவேண்டுமென 2018-இல் ஆணை பிறந்தது. எம் முறையிலோ, டிகாக்ஷன் கொதிநீரில் இறங்கியது, பால் காய்ச்சியது, காய்ச்சாத நீர் ஒரு துளியும் இல்லை. சுவைக்காகக் கொண்ட வழியே உடல்நலத்துக்கும் வழியாயிற்று.

மின்னாற்றல் நின்றுபோயின் என் செய்வது எனின், உப்பு உதவும். நொறுக்கிய பனிக்கட்டி மூன்று பங்கும் கல்லுப்பு ஒரு பங்கும் கலந்தால், அக்கலவை சுழிக்குக் கீழ் 21 பாகை வரையும் குளிர வல்லது. உப்பு பனியை உருகச் செய்கின்றது. உருகுதற்கு வேண்டும் வெப்பத்தைப் பனி தன் சூழலிலிருந்தே பறித்துக்கொள்கின்றது. அகன்ற வாளியில் அக்கலவையை நிரப்பி, நடுவே மூடியிட்ட எவர்சில்வர் தூக்கில் பாற்காப்பியை வைத்து, அடிக்கடி திருப்பி, ஓரத்தில் உறைவதைக் கரண்டியாற் சுரண்டிக் கலந்துவந்தால், மிக்ஸியின் உதவியின்றியே கூழ்ப்பதம் கிட்டும். இங்ஙனம் விலைக்கு வாங்கிய பனி தூக்குக்கு வெளியிலேயே நிற்றலின் பானத்தைத் தீண்டாது. உப்புநீர் உள்ளே புகாமற் காத்தல் மட்டும் வேண்டும்.

கருப்பட்டிக் காப்பியை விரும்புவோர், கருப்பட்டியை நீரிற் காய்ச்சி, மண்ணும் துரும்பும் போக வடிகட்டிச் சர்க்கரைக்கு ஈடாய்ச் சேர்க்கலாம். தேங்காய்ப்பால் சேர்ப்போர் இரண்டாம் பாலையே கொள்க; முதற்பாலின் கொழுப்பு 24 பாகைக்குக் கீழ் இறுகும் தன்மையுடைத்தாதலின், குளிரிலே திப்பியாய்த் திரளும்.

இறுதியாக மாணவ நண்பர்க்கு ஒரு சொல். குளிரும் இனிப்பும் காப்பியின் கசப்பை மறைத்தலால், கடுங்காப்பி என்பது தோன்றாமலே விரைந்து பருகிவிடுவோம். பருகிய காபீனிற் பாதி உடலைவிட்டு நீங்க ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். தேர்வுக்கு முன்னாள் மாலையிற் பருகுவோர் இதனை எண்ணிப் பார்த்து அளவு கொள்வாராக.

பெருங்கடையின் எந்திரமும் விலையுயர்ந்த பாகும் இல்லையே என்று ஏங்குதற்கு இடமில்லை. ஒரு பில்டரும், ஒரு மிக்ஸியும், முந்தின இரவே கட்டிகளை உறையவைக்கும் முன்னறிவும் போதும். வரும் கோடையில், செம்புத் தண்ணீருக்குப் பின்னர் இவ்வுறைகாப்பியையும் விருந்தினர்க்கு ஈந்து மகிழ்க.