ஏவுகணை எந்த இடைவெளியில் நுழைந்தது?

எதிர் ஏவுகணைகள் கிடங்கு நிறைய இருந்தன, பீரங்கிகள் இருந்தன, ரேடாரும் இருந்தது; ஆனாலும் எதிரியின் முதல் வீச்சிலேயே கப்பல் சிதறிவிட்டது. அரோரா 4எக்ஸ் விளையாடுகிறவர்களுக்கு இந்த அதிர்ச்சி புதிதல்ல. பிரிட்டனைச் சேர்ந்த ஸ்டீவ் வாம்ஸ்லி எழுதி இலவசமாகத் தரும் கணினி விளையாட்டு இது. முற்றிலும் புதிதாக எழுதப்பட்ட பதிப்பு 2020இல் வந்தது. கண்ணைப் பறிக்கும் காட்சிகள் கிடையாது. திரை முழுக்க அட்டவணைகளும் எண்களும்தான். விண்வெளியில் ஒரு பேரரசைக் கட்டி, கப்பல்களை உறுப்பு உறுப்பாக வடிவமைத்துப் போருக்கு அனுப்ப வேண்டும். தோற்றதும் பலருக்குத் தோன்றுவது, அடுத்த கப்பலில் பீரங்கியை இரட்டிப்பாக்கலாம் என்பதுதான். நோய் ஒன்று, மருந்து வேறொன்று என்று ஆகிவிடுகிறது இது. ஓர் உறுப்பு தன் வேலையை முடித்து அடுத்த உறுப்பிடம் ஒப்படைக்கும் இடத்தில்தான், எதிர் ஏவுகணை, பீரங்கி என்று அடுக்கடுக்காக வைக்கும் பாதுகாப்பு பெரும்பாலும் விட்டுப்போகிறது. பழுது பார்ப்பவர் முதலில் கை வைக்க வேண்டியதும் அங்கேதான்.

அடுக்குகளை நாம் நம்புவதற்குக் காரணம் ஒரு சின்னக் கணக்கு. நூறு ஏவுகணைகள் வருவதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு அடுக்கும் தன்னிடம் வருவதில் 70 சதவீதத்தை வீழ்த்தினால், முதல் அடுக்கைத் தாண்டி 30, இரண்டாவதைத் தாண்டி 9, மூன்றாவதைத் தாண்டி ஏறக்குறைய 3 மட்டுமே மிஞ்சும். ஆனால் இந்தக் கணக்கு ஒரு நிபந்தனையோடுதான் செல்லும்: ஒவ்வோர் அடுக்கும் தனக்கே உரிய காரணத்தால் மட்டுமே தவற வேண்டும். மூன்றும் ஒரே சென்சாரை நம்பியிருந்து, அந்தச் சென்சாருக்கு ஏவுகணை தெரியாமல் போனால், மூன்று அடுக்கும் ஒன்றாகக் குருடாகிவிடும். அப்போது வந்து விழுவது 3 அல்ல, நூறும்தான்.

அரோராவில் இது அடிக்கடி நேர்வதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு சென்சாரையும் குறிப்பிட்ட அளவுள்ள இலக்குக்காக வடிவமைக்க வேண்டும். அந்த அளவைவிடச் சிறிய பொருள் வந்தால், அது தெரியும் தூரம் அளவு விகிதத்தின் வர்க்கத்தில் குறைந்துவிடும். 5,000 டன் கப்பலை 10 கோடி கிலோமீட்டர் தொலைவிலேயே காட்டும் சென்சார் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 50 டன் பொருள் அதில் நூறில் ஒரு பங்கு. ஆகவே தெரியும் தூரம் பத்தாயிரத்தில் ஒரு பங்காகி, வெறும் 10,000 கிலோமீட்டரில் நிற்கும். நொடிக்கு 30,000 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஏவுகணைக்கு அது மூன்றில் ஒரு நொடிப் பயணம். சரி, சிறிய இலக்குக்கென்று தனிச் சென்சார் வைத்தாயிற்று என்றாலும் வேலை முடியவில்லை. ஏவுகணைகளை வழிநடத்தும் ஃபயர் கன்ட்ரோல் கருவிக்கும் இதே அளவு விதி தனியாக உண்டு. சென்சார் காட்டும் இலக்கை அது பிடிக்க முடியாமல் சும்மா இருக்கலாம். எதிரி கண்ணில் படாமலிருக்கச் சென்சாரை அணைத்து வைத்துவிட்டு, மறுபடி போட மறந்துபோவதும் உண்டு.

பீரங்கி அடுக்கில் சிக்கல் காலத்தில் இருக்கிறது. போரின்போது விளையாட்டு ஐந்து நொடிக்கு ஒரு தாவலாக நகரும். மேலே சொன்ன ஏவுகணை ஒரு தாவலில் 1,50,000 கிலோமீட்டர் கடந்துவிடும். 50,000 கிலோமீட்டர் மட்டுமே எட்டும் பீரங்கியை, சுற்றுவட்டாரத்தைக் காக்கும் முறையில் வைத்தால், தாவல் முடியும்போது ஏவுகணை அந்த வட்டத்துக்குள் நின்றால்தான் அது சுடும். அப்படி நிற்பதற்கு வாய்ப்பு மூன்றில் ஒன்று. மற்ற நேரங்களில் ஏவுகணை வட்டத்தையே தாண்டி வந்து கப்பலைத் தாக்கிவிடும். இதே பீரங்கியை, மோதும் தறுவாயில் சுடும் இறுதித் தற்காப்பு முறைக்கு மாற்றினால் சுடும் வாய்ப்பு நிச்சயம் கிடைக்கும். இதோடு, நகரும் இலக்கைக் குறி தொடரும் வேகமும் உண்டு. பீரங்கிக்கும் அதைக் குறிவைக்கும் ஃபயர் கன்ட்ரோலுக்கும் தனித்தனி வேகம். இரண்டில் எது குறைவோ அதுவே செல்லும். அது நொடிக்கு 6,000 கிலோமீட்டர், வரும் ஏவுகணை 30,000 என்றால், அடிபடும் வாய்ப்பு ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும்.

எண்ணிக்கையே முக்கியமில்லையா என்று கேட்கலாம். முக்கியம்தான். தாங்க முடியாத அளவுக்கு ஏவுகணைகளைக் கொட்டினால் எந்தத் தற்காப்பும் உடையும். ஆனால் உடைந்தது அதனாலா, இணைப்புக் கோளாறாலா என்று பிரித்துப் பார்க்க எளிய வழி இருக்கிறது. கப்பல் அடிபட்ட நொடியில் கிடங்கில் எத்தனை எதிர் ஏவுகணைகள் மிஞ்சியிருந்தன என்று பாருங்கள். கிடங்கு காலி என்றால் எண்ணிக்கைக் குறைவு. கிடங்கு நிரம்பியிருந்தால், சுடச் சொல்லும் கட்டளை எங்கோ அறுந்திருக்கிறது. இன்னும் நூறு ஏவுகணை சேர்த்தாலும் அவையும் கப்பலோடு சேர்ந்தேதான் அழியும்.

இன்னொரு மறுப்பு, இதெல்லாம் விளையாட்டை எழுதியவர் வேண்டுமென்றே வைத்த சிக்கல், நிஜத்தில் கணினியே பார்த்துக்கொள்ளும் என்பது. நடந்த சம்பவங்கள் அப்படிச் சொல்லவில்லை. 1987 மே 17 அன்று பாரசீக வளைகுடாவில் அமெரிக்கப் போர்க்கப்பல் ஸ்டார்க்கை ஈராக் விமானம் வீசிய 2 எக்ஸோசே ஏவுகணைகள் தாக்கின. வரும் ஏவுகணையைத் தானே சுட்டு வீழ்த்தக்கூடிய ஃபாலங்க்ஸ் பீரங்கி அந்தக் கப்பலில் இருந்தது. ஆனால் அது காத்திருப்பு நிலையில் விடப்பட்டிருந்தது. 37 மாலுமிகள் இறந்தார்கள். 1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில் இருந்த பேட்ரியாட் எதிர் ஏவுகணைத் தளத்தில் கோளாறு இன்னும் நுட்பமானது. நொடியின் பத்தில் ஒரு பங்கைக் கணினி தன் இரும எண்ணில் துல்லியமாக வைத்துக்கொள்ள முடியாததால், 100 மணி நேரம் நிறுத்தாமல் ஓடியதில் நேரக் கணக்கு சுமார் 0.34 நொடி பிசகியிருந்தது. தாக்க வந்த ஸ்கட் ஏவுகணை அடுத்து எங்கே இருக்கும் என்று கணினி பார்த்த இடம் அரை கிலோமீட்டருக்கும் மேல் தள்ளிப்போனது. அங்கே எதுவும் இல்லாததால் எதிர் ஏவுகணை கிளம்பவே இல்லை. படைவீரர்கள் தங்கியிருந்த குடியிருப்பில் ஸ்கட் விழுந்து 28 பேர் இறந்தார்கள். பிழையைத் திருத்திய மென்பொருள் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது மறுநாள், பிப்ரவரி 26 அன்று.