டர்போ காருக்குத் தண்ணீர்: நாசில் அளவை எதை வைத்து முடிவு செய்வது?

அக்னி நட்சத்திர நாளில் விக்கிரவாண்டி சுங்கச்சாவடி வரிசையில் சில நிமிடம் நின்ற டர்போ பெட்ரோல் கார், விழுப்புரம் பக்கம் கிளம்பியதும் திணறுவதைப் பலர் கவனித்திருப்பார்கள். நின்ற நேரத்தில் இன்டர்கூலர் வழியே காற்று ஓடாததால் அது சூடேறிப் போகிறது. டர்போவோ காற்றை அழுத்தி மேலும் சூடாக்குகிறது. அந்தச் சூட்டில், ஸ்பார்க் பிளக் மூட்டிய தீ பரவி வருவதற்குள் சிலிண்டரின் ஓரத்தில் இருக்கும் கலவை தானாகவே வெடிக்கப் பார்க்கும். நாக்கிங் என்பது இதுதான். என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ அதை உணர்ந்ததும் இக்னிஷன் டைமிங்கைத் தள்ளிப்போடும், பூஸ்டைக் குறைக்கும். ஓட்டுபவருக்குத் தெரிவதெல்லாம் 'பிக்கப் இல்லை' என்பதுதான்.

உள்ளே போகும் காற்றில் தண்ணீரைத் தூவி இதைத் தடுப்பது பழைய முறை. ஒரு கிலோ தண்ணீர் ஆவியாகச் சுமார் 2,257 கிலோஜூல் வெப்பத்தை உறிஞ்சும். அதே எடை பெட்ரோல் உறிஞ்சுவது 350 கிலோஜூல் அளவுதான். இரண்டாம் உலகப்போரின் போர் விமானங்கள் இதைப் பயன்படுத்தின. 2015-இல் அறிமுகமான பிஎம்டபிள்யூ எம்4 ஜிடிஎஸ் காரில் இதற்கென்றே 5 லிட்டர் தொட்டியும் மூன்று தெளிப்பான்களும் இருந்தன. வெளியில் வாங்கிப் பொருத்தும் கிட்களும் உண்டு. அவற்றில் ஆளைக் குழப்புவது நாசில் அளவு.

குதிரைத்திறனையோ பூஸ்டையோ மட்டும் பார்த்து நாசில் வாங்குவது தவறு என்பேன். பார்க்க வேண்டியது, முழு ஆக்சிலரேட்டரில் என்ஜின் குடிக்கும் பெட்ரோலின் அளவு. அதில் 10 முதல் 15 சதவீதம் தண்ணீர் என்று தொடங்கலாம். 120 குதிரைத்திறன் கொண்ட 1 லிட்டர் டர்போ என்ஜின் உச்சத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 650 மில்லி பெட்ரோல் எரிக்கும். அப்படியானால் தண்ணீர் 65 முதல் 100 மில்லி போதும். 80 மில்லி முழுவதும் ஆவியானால், கணக்குப்படி காற்றின் வெப்பநிலை 30 டிகிரி வரை இறங்கும். உண்மையில் ஒரு பகுதி சிலிண்டருக்குள் போன பிறகே ஆவியாகும். அங்கும் அது நாக்கிங்கை அடக்கவே செய்யும்.

நாசிலில் எழுதியிருக்கும் எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது. அது ஒரு குறிப்பிட்ட அழுத்தத்தில், பெரும்பாலும் 7 பார் அளவில், அளந்த எண். பம்ப் 10 பார் கொடுக்க, எதிரே குழாயில் பூஸ்ட் 1 பார் இருந்தால் நாசிலுக்குக் கிடைப்பது 9 பார். பாயும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தே கூடும். அதனால் 70 மில்லி நாசில் இங்கே 79 மில்லி தரும். அழுத்தத்தை இரட்டிப்பாக்கினாலும் தண்ணீர் 1.4 மடங்குதான் ஆகும். ஆகவே பம்பை முடுக்கி நாசில் அளவைச் சரிக்கட்ட முடியாது. நாசிலையே மாற்ற வேண்டும்.

திண்டிவனம் பக்கம் மணிலாவுக்கு மருந்து அடிப்பவருக்கு நாசிலின் அருமை தெரியும்: துளை பெரிதானால் சொட்டும் பெரிதாகி, இலையில் நிற்காமல் வழிந்துவிடும். என்ஜினிலும் அப்படித்தான். பெரிய சொட்டு காற்றோடு வளைந்து திரும்பாமல் குழாய்ச் சுவரில் மோதி ஓடும். ஒரு சிலிண்டருக்கு அதிகமும் இன்னொன்றுக்குக் குறைவும் போகும். அளவு மீறினால் தீ சரியாகப் பரவாமல் மிஸ்ஃபயர் வரும், ஆயிலில் தண்ணீர் கலக்கும். நிறையத் தண்ணீர் தேவைப்படும் பெரிய என்ஜினுக்கு ஒரு பெரிய நாசிலைவிட இரண்டு சிறியவை மேல். இடம் இன்டர்கூலருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே. பம்ப் நின்ற பிறகும் தண்ணீர் கசிந்து உள்ளே போகாதபடி சோலனாய்டு வால்வு கட்டாயம் வேண்டும். தேங்கிய நீர் சிலிண்டருக்குள் இறங்கினால் கனெக்டிங் ராடே வளைந்துவிடும்.

இந்த நாசில்களின் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. உப்பளங்கள் நிறைந்த மரக்காணத்தை ஒட்டிய பகுதிகளில் போர் தண்ணீரை ஊற்றினால் உப்புப் படிந்து சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். பேட்டரிக்கு விற்கும் டிஸ்டில்டு வாட்டரும் வழியில் ஒரு ஃபில்டரும் போதும். வெளிநாடுகளில் பாதிக்குப் பாதி மெத்தனால் கலப்பார்கள். இங்கே அதை நினைக்கவே வேண்டாம். உரிமமில்லாமல் அதை வைத்திருப்பது தமிழ்நாட்டில் குற்றம். 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயத்துக்குப் பலர் உயிரைப் பறிகொடுத்தார்கள். அப்படிப்பட்ட பொருள் கேனில் வீட்டுக்குள் இருக்கக் கூடாது. வெறும் தண்ணீரே வேலையில் பெரும்பகுதியைச் செய்துவிடும்.

கம்பெனி அமைப்பிலேயே ஓடும் காருக்கு இதெல்லாம் தேவையில்லை என்பதே என் கருத்து. வாரண்டி சிக்கலாகும், லாபமும் சொற்பம். ட்யூன் செய்து பூஸ்ட் ஏற்றியவர்களுக்குத்தான் இது பொருந்தும். ஆபத்தும் அவர்களுக்கே அதிகம், ஏனென்றால் அந்த ட்யூன் தண்ணீர் வரும் என்று நம்பி எழுதப்பட்டது. 1962-இல் அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் இந்த ஏற்பாட்டுடனேயே விற்பனைக்கு வந்தது. உரிமையாளர்கள் பலர் தூவும் திரவத்தை நிரப்ப மறந்தார்கள். தீர்ந்தால் பூஸ்டைக் குறைக்கும் வழி இருந்தும் தொல்லை ஓயவில்லை. பல கார்களில் டர்போவையே கழற்றிவிட்டு சாதாரண கார்புரேட்டரை மாட்டினார்கள்.

எனவே கணக்கில் வரும் அளவுக்கு ஒரு படி கீழான நாசிலில் தொடங்குங்கள். அதைக் கழற்றி அளவுக்குவளைக்குள் ஒரு நிமிடம் தூவவிட்டு, கணக்கிட்ட அளவு வருகிறதா என்று பாருங்கள். வெளியே தூவும்போது எதிர்ப் பூஸ்ட் இல்லாததால் சற்றுக் கூடுதலாக வருவது இயல்பு. பிறகு காரை ஓட்டி, நாக்கிங் எப்போது வருகிறது, ஈசியூ டைமிங்கை எவ்வளவு தள்ளுகிறது என்பதை ஸ்கேனரில் பதிவெடுத்து, தேவைப்பட்டால் மட்டும் அடுத்த அளவுக்கு ஏறுங்கள். தொட்டியில் நீர்மட்ட சென்சாரும் குழாயில் ஃப்ளோ சென்சாரும் வைத்து, தண்ணீர் நின்ற நொடியே பூஸ்ட் இறங்கும்படி ட்யூனரிடம் கேட்டு வாங்குங்கள். நெடுஞ்சாலையில் ஏறுமுன் தொட்டியைக் காலி செய்து, பூஸ்ட் நிஜமாகவே இறங்குகிறதா என்று ஒருமுறை சோதித்துவிடுங்கள்.