ஓதத்தோடு ஏறி இறங்கும் படகுத்துறைகள்

அந்தமானில் ஆறு என்று சொல்லத்தக்கது வடக்கு அந்தமானின் கல்போங் ஒன்றுதான். ஆனால் தீவுகளுக்கு நடுவே புகுந்து ஓடும் உப்பங்கழிகள் பல. இரு கரையிலும் அலையாத்திக் காடு அடர்ந்திருக்க, நீர் சலனமின்றிக் கிடக்கும். இந்தக் கழிகளின் கரையில் படகுகள் நின்று போகும் துறைகளை உள்ளூர் மக்கள் ஜெட்டி என்கிறார்கள். படகில் நிதானமாக ஊர் சுற்றும் பயணத்துக்கு இந்தியாவில் அமைந்த மிகச் சிறந்த நிறுத்தங்களில் இவை சேரும்.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் எடுத்துக்காட்டு: பிரான்சில் 1681இல் திறக்கப்பட்ட மிதி கால்வாய் சுமார் 240 கிலோமீட்டர் நீளமானது. அங்கே மதகறைகள் நீர்மட்டத்தைக் கட்டுப்படுத்துவதால், தாழ்வான கரையும் கயிறு கட்ட ஒரு வளையமும் இருந்தாலே படகு நிற்கலாம். அந்தமானில் நீர்மட்டத்தைத் தீர்மானிப்பது நிலா. ஒரு நாளில் இரண்டு முறை கடல் ஏறும், இரண்டு முறை இறங்கும்; இதுதான் ஓதம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே ஏறத்தாழ இரண்டு மீட்டர் வித்தியாசம் வரும். காலையில் படகிலிருந்து நேராகக் கால் வைத்த தளம், சில மணி நேரத்தில் தலைக்கு மேலே போய்விடும்.

இதற்காகவே ஜெட்டியின் பக்கவாட்டில் நீருக்குள் இறங்கும் படிகள் கட்டுகிறார்கள். எந்தப் படியில் இறங்குவது என்பதை அந்த நேரத்து ஓதம் சொல்லும். நீரில் மூழ்கி எழும் கீழ்ப்படிகளில் பாசி வழுக்கும். அங்கே காலைப் பார்த்து வைக்க வேண்டும். பஸ்ஸையும் லாரியையும் ஏற்றிச் செல்லும் படகுகளுக்குப் படி உதவாது. அவற்றுக்குக் கரையில் சாய்தளம் இருக்கும். படகு தன் முன்பலகையை அதன்மேல் இறக்கும். நீர் ஏறினாலும் இறங்கினாலும் பலகை சாய்தளத்தில் ஏதோ ஓரிடத்தில் பொருந்திக்கொள்ளும். எளிய ஏற்பாடுதான், ஆனால் அருமையானது.

போர்ட் பிளேரிலிருந்து (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) வடக்கே சுமார் நூறு கிலோமீட்டரில் உள்ள பாராடாங் தீவில் இவற்றையெல்லாம் பார்க்கலாம். மிடில் ஸ்ட்ரெய்ட் என்னும் துறையில் வாகனப் படகில் ஏறினால் எதிர்க்கரையில் நிலம்பூர் ஜெட்டி. அங்கிருந்து சிறு விசைப்படகு நயாதேரா என்னும் துறையை நோக்கிப் புறப்படும். முதலில் அகன்ற நீர்வழி; கடைசியில் மரங்கள் தலைக்கு மேல் கவிந்த ஒடுங்கிய வாய்க்கால். அங்கே படகோட்டி வேகத்தைக் குறைப்பார். வேகமாகப் போனால் படகு எழுப்பும் அலை கரைச் சேற்றை அரிக்கும்.

அந்தச் சேற்றைப் பிடித்து வைத்திருப்பவை கண்டல் மரத்தின் வேர்கள். அடிமரத்திலிருந்து கிளைத்து வளைந்து இறங்கும் இந்தத் தாங்கு வேர்களின் துளைகள் வழியே, சேற்றில் கிடைக்காத காற்று உள்ளே போகிறது. கண்டலின் விதை மரத்திலேயே முளைத்து, நீண்ட பச்சைக் காயாகத் தொங்கும். விழும்போது சேற்றில் குத்தி நிற்கும், இல்லையேல் மிதந்து போய் வேறு கரையில் வேரூன்றும். வேர்களுக்கிடையே செம்மூக்கு முதலைகள் உண்டு. படகிலிருந்து கையை நீரில் விடக்கூடாது.

நயாதேராவில் இறங்கி, காட்டுக்குள் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் நடந்தால் சுண்ணாம்புக் குகைகள். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கலந்துகொண்டு பாறையைக் கரைக்கிறது. கூரையிலிருந்து சொட்டும் இடத்தில் சுண்ணாம்பைத் திரும்பப் படியவைக்கிறது. இப்படி உருவான கல்விழுதுகளைத் தொட்டால் கையின் எண்ணெய்ப்பசை படிந்து வளர்ச்சி தடைபடும்.

ஜெட்டியின் உயரக் கணக்கை நிலமே மாற்றிய நாளும் உண்டு. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமான் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. அங்குள்ள சிப்பிகாட் வயல்களில் கடல்நீர் புகுந்து தங்கிவிட்டது. வடக்கு அந்தமானின் மேற்குக் கரையோ ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்தது. அங்கே ஓதநீர் எட்டாமல் அலையாத்திகள் பட்டுப்போயின.

பாராடாங்குக்குச் செல்லும் சாலை ஜிர்காடாங்கிலிருந்து மிடில் ஸ்ட்ரெய்ட் வரை ஜாரவா பழங்குடி மக்களின் காப்புக்காட்டுக்குள் போகிறது. குறித்த நேரத்தில், காவலோடு, வரிசையாகவே வாகனங்களை விடுகிறார்கள். வழியில் நிறுத்துவதும், அம்மக்களைப் படம் எடுப்பதும், உணவு கொடுப்பதும் குற்றம். அது அவர்கள் வாழும் இடம். பயணி இறங்க வேண்டியது ஜெட்டியில் மட்டுமே.