பாட்டுப் பார்த்து ஆங்கிலம் பேசலாம்

படகு, வலை, நங்கூரம், கலங்கரை விளக்கம். இவற்றுக்கு ஆங்கிலத்தில் என்ன என்று கேட்டால் எங்கள் மணப்பாட்டுப் பிள்ளைகள் பளிச்சென்று சொல்லிவிடுவார்கள். ஏனென்றால் அவை கண்ணால் பார்க்கிற பொருட்கள். "பொறுப்பு என்றால் என்ன? ஆங்கிலத்தில் இரண்டு நிமிடம் பேசு" என்று சொல்லிப் பாருங்கள், வாயே திறக்காது. கப்பல் வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குச் சென்ற என் அக்கா மகனுக்கு இந்தக் கேள்விதான் வந்தது. பாவம், ஒரு வரிகூட வரவில்லை. அடுத்த தேர்வுக்கு இரண்டு மாதம் இருந்தது. புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரும் வீட்டில் இருந்தது.

நம்பிக்கை, ஏக்கம், நியாயம் போன்ற சொற்களுக்கு அகராதியில் பொருள் கிடைக்கும், படம் கிடைக்காது. பாடல் வீடியோவில் அந்தப் படம் கிடைக்கிறது. மூன்று நான்கு நிமிடத்தில் முடிந்துவிடுவதால் பத்து முறை பார்த்தாலும் அலுக்காது.

இது என் கண்டுபிடிப்பு அல்ல. 1996-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த பிரிஜ் கோத்தாரி, ஆங்கில சப்டைட்டிலுடன் ஒரு ஸ்பானிஷ் படம் பார்த்தார். சப்டைட்டிலும் ஸ்பானிஷிலேயே இருந்தால் மொழி சீக்கிரம் வருமே என்று அவருக்குத் தோன்றியது. பின்னர் ஆமதாபாத் ஐ.ஐ.எம்.மில் பணியாற்றியபோது, டி.வி.யில் வரும் சினிமாப் பாட்டுகளுக்கு அதே மொழியில் வரிகளை ஓடவிட்டு, மக்களின் வாசிப்பை வளர்க்கும் திட்டத்தை நடத்தினார். கேட்கும் சொல்லே கண்ணிலும் பட வேண்டும், அவ்வளவுதான்.

நான் தமிழ்ப் பாட்டில்தான் ஆரம்பித்தேன். 2013-ல் வந்த மணிரத்னத்தின் "கடல்" எங்கள் ஊரில் எடுத்த படம். அதிலுள்ள "ஏலே கீச்சான்" பாட்டை யூடியூபில் திறந்து, கீபோர்டில் எம் எழுத்தை அழுத்தினேன். சத்தம் நின்றது. "என்ன தெரிகிறது?" என்றேன். போட், ஸீ, ஸாண்ட் என்று வரிசையாக வந்தது. "ஒருவனை ஒருவன் நம்பாமல் ஒரே படகில் போக முடியுமா? அதற்கு ஆங்கிலத்தில் என்ன?" என்றேன். "டிரஸ்ட்" என்றான். அந்த ஒரு சொல்லை வைத்து ஐந்து வாக்கியம் சொன்னான். தெரிந்த கரை, தெரிந்த படகு என்பதால் கூச்சம் விட்டுப்போனது.

அடுத்து ஆங்கிலப் பாட்டு. இதற்கு மைக்கேல் ஜாக்சனின் "மேன் இன் தி மிர்ரர்" மிக நல்லது. 1988-ல் வந்த அந்த வீடியோவில் பாடகர் அதிகம் தெரியமாட்டார். காந்தி, மார்ட்டின் லூதர் கிங், பசியால் வாடும் குழந்தைகள் என்று செய்திப் படத் துண்டுகளாகவே ஓடும். சேஞ்ச், ஜஸ்டிஸ், ரெஸ்பான்சிபிலிட்டி பற்றிப் பேச இதைவிட என்ன வேண்டும்? (நடனம் மட்டுமே உள்ள வீடியோக்களை விட்டுவிடுங்கள். பார்க்க நன்றாக இருக்கும், பேச ஒன்றும் இருக்காது.)

சில கீகளை நினைவில் வையுங்கள். கே அழுத்தினால் வீடியோ நிற்கும். ஜே அழுத்தினால் 10 விநாடி பின்னால் போகும். சி அழுத்தினால் ஆங்கில வரிகள் வரும், கேப்ஷன் இருந்தால் மட்டும். யூடியூப் தானாகவே எழுதும் வரிகளைப் பாட்டு விஷயத்தில் நம்ப வேண்டாம், சொற்களைக் கண்டபடி மாற்றிவிடும். பல் சக்கர ஐகானில் கிளிக் செய்து வேகத்தை 0.75 ஆக்கினால் சொற்கள் தனித்தனியாகக் கேட்கும்.

பேச்சுக்கு வருவோம். விண்டோஸ் 11-ல் நோட்பேடைத் திறந்து, விண்டோஸ் கீயுடன் எச் அழுத்திப் பேசுங்கள். இன்டர்நெட்டும் மைக்கும் வேண்டும். மொழியில் இந்திய ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்திடவும். நீங்கள் பேசியதைக் கம்ப்யூட்டர் டைப் செய்திடும். என் மருமகன் "ஹோப்" என்றது முதல் நாள் "ஹோம்" என்று வந்து விழுந்தது. அன்று அதே சொல்லை இருபது முறை சொல்லியிருப்பான்!

தினமும் ஒரே பாட்டு, ஒரே சொல். முதல் வாரம் அவன் பேச்சு அரை நிமிடம்கூடத் தாண்டவில்லை. ஆறாவது வாரத்தில் நான்தான் நிறுத்தச் சொல்ல வேண்டியிருந்தது. இலக்கணத்தை நடுவில் திருத்தாதீர்கள். சவுண்ட் ரெகார்டரில் பதிவு செய்து, முடிந்தபின் அவர்களையே கேட்க வையுங்கள். தங்கள் தவறுகளில் பாதியை அவர்களே பிடித்துவிடுவார்கள். மீதிப் பாதிக்கு அடுத்த நாள் பாட்டு இருக்கிறது.