வலி நின்ற பிறகே கூடுதல் கவனம்: முழங்கால் ஜவ்வு அறுவைக்குப் பின் வரும் மாதங்கள்

‘முழங்காலில் ஜவ்வு கிழிந்துவிட்டது’ என்று சொல்லிக்கொண்டு எங்கள் எலும்பு மூட்டுப் பிரிவுக்கு வருவோர் பலதரப்பட்டவர்கள். கபடியில் எதிரணியின் பிடியிலிருந்து திமிறித் திரும்பிய இளைஞர், இராஜபாளையம் – ஸ்ரீவில்லிபுத்தூர் சாலையில் வண்டி சறுக்கிக் கால் முறுகிய ஆலைத் தொழிலாளி, மாந்தோப்பு வரப்பில் இடறி விழுந்தவர் என அவர்களைப் பல இடங்களிலிருந்தும் காண்கிறோம். கிழிந்தோர் அனைவருக்கும் அறுவை தேவைப்படுவதில்லை. பயிற்சியாலேயே கால் உறுதிபெற்று அன்றாட வாழ்வுக்குத் திரும்புவோர் உண்டு. அறுவை செய்துகொண்டு வீடு திரும்புவோருக்காகவும், அவர்களைக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்தாருக்காகவும் இக்கட்டுரையை எழுதுகிறோம்.

அறுவை ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. அதன் பயன் நிலைக்குமா என்பதை முடிவுசெய்பவை அதன்பின் வரும் ஒன்பது மாதங்கள். அம்மாதங்களில் நேரும் தவறுகள் பெரும்பாலும் இரண்டே வகை. அசைக்க வேண்டிய காலத்தில் அஞ்சி அசையாதிருப்பது ஒன்று. பொறுத்திருக்க வேண்டிய காலத்தில் துணிந்து இறங்கிவிடுவது மற்றொன்று. முதலாவதற்கு அன்பு மிகுந்த குடும்பத்தாரும், இரண்டாவதற்கு வலி நீங்கிய நோயாளியும் பெரும்பாலும் காரணமாகின்றனர்.

முதலில் ‘ஜவ்வு’ என்னும் சொல்லைத் தெளிவுபடுத்திவிடுகிறோம். நம் ஊரில் இச்சொல் இரண்டு வேறு உறுப்புகளைக் குறிக்கிறது. தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் மூட்டின் நடுவே பிணைத்து, கீழ்க்கால் முன்னே நழுவாமலும் அளவுமீறித் திருகாமலும் தடுக்கும் நார் ஒன்று உண்டு. மருத்துவர்கள் அதனை ஏ.சி.எல். என்பர். அவ்விரு எலும்புகளுக்கும் இடையே மெத்தைபோல் அமைந்திருக்கும் பிறை வடிவக் குருத்தெலும்பு மெனிஸ்கஸ் எனப்படும். மக்கள் வழக்கில் இரண்டுமே ஜவ்வுதான். ஆனால், இவற்றுள் எதற்குச் சிகிச்சை நடந்தது என்பதைப் பொறுத்துப் பின்பராமரிப்பு மாறும். மெனிஸ்கஸையும் சேர்த்துத் தைத்திருந்தால், காலில் எடை ஊன்றுவதற்கும் முழங்காலை மடக்குவதற்கும் சில வாரங்கள் கட்டுப்பாடு விதிக்கப்படும். ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் பத்தாம் நாளில் ஊன்றுகோலின்றி நடந்தார் என்பதைத் தங்களுக்கு அளவுகோலாகக் கொள்ள வேண்டாம். வெளியேற்றச் சீட்டில் என்ன செய்யப்பட்டது என்று எழுதியிருக்கும். புரியாவிடில் வீட்டுக்குப் புறப்படுமுன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இக்கட்டுரையில் கூறுபவை ஏ.சி.எல். அறுவைக்குப் பொதுவானவை. தங்கள் அறுவை மருத்துவர் வேறு கூறியிருந்தால் அவர் கூறியதே தங்களுக்கு உரியது.

கிழிந்த நாரை அப்படியே தைத்தால் அது பெரும்பாலும் ஒட்டி நிற்பதில்லை. எனவே தங்கள் உடலிலிருந்தே, பொதுவாகத் தொடையின் பின்புறத்திலிருந்தோ முட்டிச்சில்லுக்குக் கீழிருந்தோ, ஒரு நாரை எடுத்து, எலும்புகளில் துளையிட்டு அதில் செலுத்திப் பொருத்துகிறோம். சிறு துளைகள் வழியே கேமரா செலுத்திச் செய்வதால் தழும்பு சிறிது. வெளிக்காயம் சிறிதாயிருப்பதால் உள்ளே நடந்ததும் சிறிய வேலை என்று எண்ணத் தோன்றும், அது உண்மையன்று.

ஒரு காலத்தில் இந்த அறுவைக்குப் பின் காலை மாவுக்கட்டில் வாரக்கணக்கில் அசையாமல் வைத்தனர். அமெரிக்க மருத்துவர் டொனால்டு ஷெல்போர்ன் தம் நோயாளிகளிடம் ஒரு விந்தையைக் கண்டார். சொன்னபடி கேட்காமல் முன்கூட்டியே காலை நீட்டி நடந்தவர்கள், சொன்னபடி கேட்டவர்களைவிட நன்றாகத் தேறியிருந்தனர். 1990-இல் அவர் வெளியிட்ட கட்டுரைக்குப் பின் உலகெங்கும் முறை மாறியது. இன்று பெரும்பாலோரை அறுவை நடந்த மறுநாளே ஊன்றுகோலுடன் நிற்க வைக்கிறோம். ‘தையல் பிரிந்துவிடுமே’ என்று தாய்மார்கள் பதறுவதை அன்றாடம் காண்கிறோம். மருத்துவர் அனுமதித்த அளவில் அசைப்பதால் தையல் பிரியாது. அசைக்காமலே வைத்திருந்தால்தான் மூட்டு இறுகும்.

இங்கே தலையணையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். படுத்திருப்பவரின் முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் அவருக்குச் சுகமாயிருக்கும். வீட்டார் அன்புடன் வைக்கின்றனர். அது வேண்டவே வேண்டாம். முழங்கால் சற்று மடிந்த நிலையிலேயே நாட்கள் கழிந்தால், மூட்டுக்குள் தழும்புத் திசு வளர்ந்து கால் முழுமையாக நீளாத நிலை ஏற்படும். நீளாத கால் நொண்டும். நொண்டும் காலில் தொடைத் தசை மெலியும். சிலருக்கு அந்தத் தழும்பை நீக்க மறுபடியும் அறுவை தேவைப்படுகிறது. தலையணையை, அல்லது சுருட்டிய துண்டை, குதிகாலுக்கு அடியில் வையுங்கள். முழங்கால் அந்தரத்தில் நின்று தன் எடையாலேயே நேராகட்டும். முதல் இரண்டு வாரங்களில் நாங்கள் எதிர்பார்ப்பவற்றுள் இதுவே தலையாயது: மற்றக் கால் நீளும் அளவுக்கு இந்தக் காலும் நீள வேண்டும். மடக்குவது பின்னரும் வரும். நீட்டுவதைத் தவறவிட்டால் மீட்பது கடினம்.

அடுத்தது தொடையின் முன்தசை. மூட்டில் வீக்கம் உள்ளவரை மூளை அத்தசையை இயக்கத் தயங்கும். காலை நேராக வைத்து, தசையை இறுக்கி, ஐந்து எண்ணும் வரை பிடித்து விடுங்கள். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் பத்துமுறை செய்தாலும் மிகையன்று. பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவது கெண்டைக்காலில் இரத்தம் உறையாமல் காக்கும். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடங்கள் வரை நாளுக்குச் சில முறை வைக்கலாம். நேரடியாகத் தோலில் வைக்கலாகாது. தையல் பிரிக்கும் வரை, அதாவது ஏறத்தாழ 10 முதல் 14 நாட்கள் வரை, கட்டு நனையாமல் குளிக்க வேண்டும். (அந்தக் கட்டுத்துணி இராஜபாளையத்துக்கு அருகிலுள்ள சத்திரப்பட்டித் தறிகளில் நெய்யப்பட்டதாகவே இருக்கக்கூடும், நாட்டின் பல மருத்துவமனைகளுக்கு அங்கிருந்து துணி போகிறது.) படியேறும்போது நல்ல காலை முதலில் வையுங்கள்; இறங்கும்போது ஊன்றுகோலும் அறுவை செய்த காலும் முதலில் இறங்கட்டும். நகரப் பேருந்தின் படிக்கும் இதுவே முறை.

கெண்டைக்கால் வீங்கி அழுத்தினால் வலித்தால், காய்ச்சல் வந்தால், காயத்தில் சீழோ தொடர்ந்த கசிவோ கண்டால், பாதம் குளிர்ந்து நிறம் மாறினால் அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும். திடீரென மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ ஏற்பட்டால் ஒரு நிமிடமும் தாமதியாமல் 108-ஐ அழையுங்கள். காலில் உறைந்த இரத்தம் நுரையீரலுக்குச் சென்றிருக்கக்கூடும். இக்காரணத்தாலேயே, அறுவை செய்த காலை எண்ணெய் தேய்த்து உருவிவிடுவதையும், ‘கட்டு கட்டுபவர்’ மூட்டை மடக்கி இழுப்பதையும் நாங்கள் உறுதியாக மறுக்கிறோம். தழும்பருகே தோல் மரத்திருப்பது மட்டும் அச்சத்துக்குரியதன்று. அவ்விடத்துச் சிறு நரம்புக் கிளை பாதிக்கப்படுவதால் அது நேர்கிறது. மாதங்கள் செல்லச் செல்லப் பெரும்பாலும் குறைந்துவிடும்.

தரையோடு ஒட்டிய வாழ்க்கை நம்முடையது. பாயில் படுப்பதும், சம்மணமிட்டு உண்பதும், குந்தி அமர்ந்து கோலமிடுவதும் பெருக்குவதும், தரைமட்டக் கழிப்பறையும் முழங்காலை ஆழமாக மடக்குபவை. மேனாட்டு நூல்களில் இவற்றைப் பற்றி அதிகம் இராது. முதல் மாதங்களுக்குக் கட்டிலும், நாற்காலியும், கழிப்பறையின்மேல் வைக்கும் கமோடு நாற்காலியும் ஏற்பாடு செய்யுங்கள். அறுவைக்கு நாள் குறித்தவுடன் இதைச் செய்வது நல்லது. வீடு திரும்பிய இரவில் தேடுவது துன்பம். குந்துவதும் சம்மணமிடுவதும் பொதுவாக நான்காம் மாதத்துக்குப் பிறகே, இயன்முறை சிகிச்சையாளர் பார்த்துச் சொன்ன பின் படிப்படியாக.

உணவில் பத்தியம் எதுவும் இல்லை. புதிய திசு வளரப் புரதம் வேண்டும். முட்டை, மீன், பருப்பு, கொண்டைக்கடலை, பால் ஆகியவற்றைக் கூட்டுங்கள். நலம் விசாரிக்க வருவோர் பால்கோவாவுடன் வருவது எங்கள் ஊர்களின் வழக்கம். அதில் பால் உண்டு என்பதால் அது மருந்தாகிவிடாது. சர்க்கரை நோய் உள்ளவருக்குக் காயம் ஆறுவதையும் தாமதப்படுத்தும்.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய காலக்கட்டத்துக்கு வருகிறோம். ஆறாவது வாரத்தில் பெரும்பாலோர் ஊன்றுகோலை விட்டிருப்பர். வீக்கம் வடிந்திருக்கும், முழங்கால் 120 பாகை அளவுக்கு மடங்கும், வலி ஏறக்குறைய இல்லை. ‘சரியாகிவிட்டது’ என்று நோயாளி எண்ணுகிறார். உள்ளே நடப்பது வேறு. பொருத்திய நாளில் அந்த நார் வலிமையானதே. ஆனால் இரத்த ஓட்டம் அற்றது. உடல் அதைத் தன் ஏ.சி.எல். ஆக ஆக்கிக்கொள்ளும் முயற்சியில், அதிலுள்ள பழைய செல்கள் மடிகின்றன, புதிய இரத்தக் குழாய்கள் ஊடுருவுகின்றன, புதிய செல்கள் குடியேறி இழைகளைக் கலைத்து மறுபடி அடுக்குகின்றன. குடியிருந்துகொண்டே வீட்டின் தூண்களை ஒவ்வொன்றாக மாற்றுவதைப் போன்ற வேலை இது. ஏறத்தாழ 6-ஆவது வாரம் முதல் 12-ஆவது வாரம் வரை அந்த நார் தன் வலிமையின் அடிமட்டத்தில் இருக்கிறது. எலும்புத் துளைக்குள் அது வேரூன்றுவதற்கும் அதே கால அளவு பிடிக்கிறது. முழுமையாக முதிர ஓராண்டுக்கு மேலாகும். வலி இல்லாதது தோலும் தசையும் ஆறியதற்கு அடையாளம். நார் ஆறியதற்கு அன்று.

எனவே இவ்வாரங்களில் நேர்க்கோட்டில் நடக்கலாம், நின்ற இடத்து மிதிவண்டி மிதிக்கலாம், சுவரில் சாய்ந்து சிறிதளவு அமர்ந்து எழலாம். ஓடுதல், குதித்தல், நட்ட காலின்மேல் உடலைத் திருப்புதல் ஆகியவை கூடா. இருசக்கர வாகனம் ஓட்டுவதற்கு நாங்கள் வைக்கும் கேள்வி ஒன்றே: வண்டி எதிர்பாராமல் சாய்ந்தால் அந்தக் காலை ஊன்றித் தாங்க முடியுமா? உதைத்துக் கிளப்பும் வண்டியானால் இன்னும் பொறுக்க வேண்டும். ஆடி மாதம் குறுக்கிட்டால் மேலும் எச்சரிக்கை தேவை. ஆண்டாள் கோயில் ஆடிப்பூரத் தேரின் வடம் பிடிக்கும் நெரிசலில் ஒருவர் மோதினாலும் கால் திருகிவிடும். தாணிப்பாறையிலிருந்து சதுரகிரிக்கு ஏறும் வழி பாறையும் ஓடையும் நிறைந்தது. ஏறுவதைவிட இறங்குவதே முழங்காலுக்குக் கடினம். வேண்டுதல் இருப்பின் அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

ஆலைத் தொழிலாளருக்கு இன்னொரு நெருக்கடி உண்டு. அதை மருத்துவர்கள் பேசாமல் விடுவது சரியன்று. இ.எஸ்.ஐ. திட்டத்தில் நோய்க்கால உதவி ஊதியத்தில் 70 விழுக்காடு. ஆண்டுக்கு அதிக அளவாக 91 நாட்கள். அதாவது, நார் மிக வலுவிழந்திருக்கும் காலம் முடியும் தறுவாயில் பணமும் நின்றுபோகிறது. நூற்பாலையில் பணி நேரம் முழுதும் நடந்து கொண்டே இயந்திரங்களைக் கவனிப்பவருக்கு அது பெருஞ்சுமை. காயம் பணியிடத்திலோ, பணிக்குச் செல்லும் அல்லது திரும்பும் வழியிலோ நேர்ந்திருந்தால், அது பணிக்காயமாக ஏற்கப்படக்கூடும். அப்போது உதவி ஊதியத்தில் 90 விழுக்காடு. உடல் தகுதி பெறும் வரை நீடிக்கும். விபத்து நடந்தவுடன் ஆலை நிர்வாகத்துக்குத் தெரிவித்துப் பதிவுசெய்தல் இதற்கு இன்றியமையாதது. மூன்றாம் மாதத்தில் பணிக்குத் திரும்பியே ஆக வேண்டியவருக்கு, சுமை தூக்காத, அமர்ந்து செய்யும் வேலை தருமாறு மருத்துவச் சான்று அளிக்கிறோம். கேட்கத் தயங்க வேண்டாம்.

விளையாட்டுக்குத் திரும்புவோருக்கு ஒன்பது மாதம் என்னும் எல்லையை நாங்கள் தளர்த்துவதில்லை. நார்வே, அமெரிக்க ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பதாம் மாதம் வரை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறு காயத்தின் வீதம் பாதியளவு குறைந்தது. மாதக் கணக்கு மட்டும் போதாது. அறுவை செய்த காலின் தொடைத் தசை, மற்றக் காலின் வலிமையில் 90 விழுக்காட்டையேனும் எட்ட வேண்டும். ஒற்றைக் காலால் தாவும் தொலைவும் அவ்வாறே. கிரிக்கெட் வீரர் ரிஷப் பந்த் 2022 டிசம்பர் 30-இல் கார் விபத்தில் சிக்கி, 2023 ஜனவரியில் முழங்கால் நார்களுக்கு அறுவை செய்துகொண்டார். அவர் மறுபடி போட்டியில் இறங்கியது 2024 மார்ச்சில். நாள்தோறும் பயிற்சியாளர்கள் உடனிருந்த ஒருவருக்கே பதினான்கு மாதங்களாயின. தைப்பொங்கல் கபடிக்கு ஐந்தாம் மாதத்திலேயே ‘ஒரு ஆட்டம் மட்டும்’ என்று கேட்கும் தம்பிகளும், அவர்களை அழைக்கும் அணித் தலைவர்களும் இதை எண்ணிப் பார்க்கட்டும். இரண்டாம் முறை கிழிந்த நாருக்குச் செய்யும் அறுவை முதலாவதைப்போல் எளிதன்று. பலனும் பொதுவாகக் குறைவு.

பயிற்சிக்காக வாரந்தோறும் எங்களிடம் வர இயலாதவர்கள் இடையில் விட்டுவிடுவதே வழக்கமாயிருக்கிறது. அப்படி விடத் தேவையில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் உண்டு. தங்களுக்குக் கிடைக்குமா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். வெளியேற்றச் சீட்டையும் நாங்கள் தரும் பயிற்சி அட்டையையும் அங்கே காட்டினால், எந்த வாரத்தில் எது கூடும், எது கூடாது என்பது அவர்களுக்கு விளங்கும். எங்களிடம் நேரில் வர வேண்டியவை இரண்டாம் வாரம், ஆறாம் வாரம், மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், ஒன்பதாம் மாதம். கடைசி இரண்டுக்கும் அரைக்கால் சட்டையும் காலணியும் கொண்டு வாருங்கள். அன்று தாவிக் காட்ட வேண்டியிருக்கும்.