வித்தவுட் பயணிகளின் படம் எங்கே?

விருத்தாசலம் ஜங்ஷனிலிருந்து கிழக்கே பிரியும் ரயில் தடம் ஊத்தங்கால் மங்கலம், நெய்வேலி, வடலூர், குறிஞ்சிப்பாடி என்று நின்று நின்று போய்க் கடலூர் முதுநகரைத் தொடும். அறுபது கிலோமீட்டர்கூட இருக்காது. கம்மாபுரம் வட்டாரத்து மக்கள் வெளியூர் போகப் பல தலைமுறைகளாக இதுதான் வாசல். அதில் டிக்கெட் எடுத்தவர்களும் நுழைந்தார்கள், எடுக்காதவர்களும் நுழைந்தார்கள். எடுக்காதவர்களுக்கு ‘வித்தவுட்’ என்று பெயர். ‘திருட்டு ரயில் ஏறி வந்தவன்’ என்பது அரசியல் மேடையில் வசவு. கோடம்பாக்கத்திலோ, ஜெயித்த பிறகு சொல்லிக்கொள்ளும் பெருமை. இரண்டுக்கும் நடுவே, அந்தப் பயணம் எப்படி இருந்தது என்பதற்கு நம்மிடம் உள்ள பதிவு மிகக் குறைவு.

அமெரிக்காவில் அப்படியில்லை. அங்கே உள்நாட்டுப் போர் முடிந்த காலத்திலிருந்தே கூட்ஸ் வண்டியில் தொற்றிக்கொண்டு வேலை தேடி அலைந்தவர்கள் உண்டு. ஹோபோ என்று அவர்களுக்குப் பெயர். 1930-களின் பொருளாதார மந்தத்தில் இரண்டரை லட்சம் பதின்வயதினர் வீட்டைவிட்டு வெளியேறிச் சரக்கு ரயில்களில் திரிந்ததாகக் கணக்கிடுகிறார்கள். அவர்களைப் பற்றி மைக்கேல் யூஸ், லெக்ஸி லொவெல் இருவரும் 1997-இல் ‘ரைடிங் த ரெயில்ஸ்’ என்ற ஆவணப்படம் எடுத்தார்கள். அடுத்து 2003-இல் சாரா ஜார்ஜின் ‘கேச்சிங் அவுட்’ வந்தது. சரக்குப் பெட்டிகளின் மேல் சாக்கட்டியால் முகமும் புனைபெயரும் வரைந்துவிட்டுப் போகிறவர்களைத் தேடி, பில் டேனியல் 16 ஆண்டு அலைந்து, 2005-இல் ‘ஹூ இஸ் போஸோ டெக்ஸினோ?’ என்ற கறுப்பு வெள்ளைப் படத்தை முடித்தார். படச்சுருள் வாங்கக் கைக்காசைப் போட்டு, தாங்களும் அதே வண்டியில் ஏறி இறங்கி எடுத்த சுயாதீனப் படங்கள் இந்த மரபில் உண்டு.

நம் தடத்தில் கூட்ஸ் வண்டிக்கு அவ்வளவு தேவை வரவில்லை. மீட்டர் கேஜ் காலத்துப் பாசஞ்சரே போதுமானதாக இருந்தது. நீராவி எஞ்சின், ஒற்றைத் தடம், எதிர்வண்டிக்காகக் கைகாட்டி இறங்கும்வரை காத்துக்கிடக்கும் நிலையங்கள். கூட்டத்தில் கலந்துவிட்டால் யாரிடம் சீட்டு இருக்கிறது, யாரிடம் இல்லை என்று டி.டி.ஆர் பார்த்து முடிப்பதற்குள் ஊர் வந்துவிடும். பிடிபட்டால் அடுத்த நிலையத்தில் இறக்கிவிடுவார்கள். அதற்கடுத்த வண்டி இருக்கவே இருக்கிறது. டெல்டா பக்கம் அறுப்புக்குப் போகிறவர்கள், திருவிழாவுக்குத் திருவிழா பாசிமணியோடு குடும்பமாக நகரும் நரிக்குறவர்கள், வீட்டில் கோபித்துக்கொண்டு கிளம்பிய பையன்கள், காவி கட்டிய பரதேசிகள் எல்லாரும் அதே பெட்டியில் இருந்தார்கள். விருத்தாசலத்துக்கு விருத்தகாசி என்றே பேர் இருப்பதால் பரதேசிகளுக்குக் குறைவில்லை.

அமெரிக்க ஹோபோக்கள், எந்த வீட்டில் சோறு கிடைக்கும், எந்த வீட்டில் நாய் கடிக்கும் என்பதை வேலியில் குறி போட்டு அடுத்தவருக்குச் சொல்லுவார்கள் என்பது அங்கே பரவலான கதை. பூனைப் படம் இருந்தால் அங்கே இரக்கமுள்ள பெண்மணி இருக்கிறாள் என்று அர்த்தமாம். நம் தடத்தில் அந்த வேலைக்கு அவசியமில்லை. வடலூரில் இறங்கினால் சோறு உண்டு என்பது ஊரறிந்த சேதி. பார்வதிபுரம் மக்கள் தந்த நிலத்தில் வள்ளலார் 1867 மே 23-இல் தொடங்கிய தருமசாலையின் அடுப்பு இன்றுவரை அணையவில்லை. சாப்பிட உட்காருகிறவரிடம் சாதியும் கேட்பதில்லை, எந்த வண்டியில் எப்படி வந்தாய் என்றும் கேட்பதில்லை. அங்கே ஹோபோ ஒளிந்து ஒளிந்து உண்டான். இங்கே நாடோடி பந்தியில் உட்கார்ந்து உண்டான். நம் படம் எடுக்கப்பட்டிருந்தால் அது அமெரிக்கப் படங்களிலிருந்து விலகியிருக்கும் இடம் இதுதான்.

எடுக்கக்கூடியவர் ஒருவர் இதே மாவட்டத்திலிருந்து கிளம்பினார். கடலூர் மஞ்சக்குப்பத்தில் 1934-இல் பிறந்த ஜெயகாந்தன், சின்ன வயதிலேயே வீட்டைவிட்டு விழுப்புரம் போய், அங்கிருந்து சென்னை சேர்ந்தவர். தெருவோர மனிதர்களைக் கதையாக்கியவர். ‘உன்னைப்போல் ஒருவன்’ கதையைத் தானே இயக்கி 1965-இல் குறைந்த செலவில் படமாக்கினார். அது தேசிய விருதும் பெற்றது. லாரியில் வந்திறங்கும் ஹென்றி என்ற அந்நியனை நாவலில் உலவவிட்டதும் அவரே. ஆனால் ரயில் நாடோடியைப் பற்றிய ஆவணப்படம் அவர் வேலையாக இருக்கவில்லை. அந்நாளில் கேமராவும் படச்சுருளும் ஸ்டூடியோக்காரர் கையிலும், அரசின் பிலிம்ஸ் டிவிஷன் கையிலும்தான் பெரும்பாலும் இருந்தன.

இன்று அந்தத் தடம் அகலப்பாதையாகி, மேலே மின்கம்பியும் வந்துவிட்டது. 25,000 வோல்ட். கம்பியைத் தொடவே வேண்டாம், நெருங்கினாலே இழுத்துக்கொள்ளும். நின்றிருக்கும் சரக்குப் பெட்டிமேல் செல்ஃபிக்காக ஏறிக் கருகிய பையன்களைப் பற்றிய செய்தி அடிக்கடி வருகிறது. சட்டமும் இருக்கிறது: 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 156-ஆம் பிரிவில், எச்சரித்த பிறகும் கூரையிலோ படியிலோ எஞ்சினிலோ பயணம் செய்தால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கொரோனாவுக்குப் பின் பாசஞ்சர் வண்டிகள் பல எக்ஸ்பிரஸ் என்று பேர் மாற்றப்பட்டு, குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாயிலிருந்து 30 ஆனது. 2024 பிப்ரவரியில்தான் அது மறுபடி 10-க்கு இறங்கியது. நடுவில் போன அந்தக் காலம், சில்லறைக் காசை எண்ணிப் பயணம் செய்கிறவனை ரயிலிலிருந்து தள்ளியே வைத்தது.

கேமரா கதை நேர்மாறு. இப்போது எல்லார் சட்டைப்பையிலும் இருக்கிறது. அமெரிக்காவிலும் பதினாறு வருஷப் படத்தின் இடத்தை யூடியூப் பிடித்துக்கொண்டது. தானே ஏறி, தானே படம்பிடித்துப் போட்டு ரசிகர்களைச் சேர்த்த ஜேம்ஸ் ஸ்டோபி 2017-இல் பால்டிமோர் அருகே ரயிலில் அடிபட்டு இறந்தார். நம் ரீல்ஸ்களும் அதே திசையில்தான் போகின்றன: ஏறுகிறவன் முகம் தெரிகிறது, ஏன் ஏறினான் என்பது தெரிவதில்லை.

அந்த ‘ஏன்’ கிடைத்த படம் ஒன்று உண்டு. 2020 ஊரடங்கில் பயணிகள் ரயில்கள் நின்றபோது, காஜியாபாத்திலிருந்து பீகாரின் சகர்சாவுக்குச் சைக்கிளிலேயே கிளம்பிய ஏழு தொழிலாளிகளுடன் வினோத் காப்ரி கூடவே போய் எடுத்த ‘1232 கி.மீ.’ 2021-இல் வெளிவந்தது. அதே ஊரடங்கில், மே 8 அன்று, அவுரங்காபாத் அருகே தண்டவாளத்தில் படுத்திருந்த 16 தொழிலாளர்கள்மேல் சரக்கு ரயில் ஏறியது. பயணிகள் வண்டி ஓடாத நாளில்தான் அதை நம்பியிருந்தவர்கள் யாரென்று நாடு பார்த்தது.

கம்மாபுரம் பக்கத்து வித்தவுட் கதைக்கு இன்னும் நேரம் இருக்கிறது, ஆனால் நிறைய இல்லை. ‘ரைடிங் த ரெயில்ஸ்’ எடுத்தவர்கள், ரயில் ஏறிய பையன்கள் கிழவர்களான பிறகு விளம்பரம் கொடுத்துத் தேடினார்கள். ஏறக்குறைய மூவாயிரம் கடிதங்கள் வந்து குவிந்தன. மீட்டர் கேஜ் காலத்தில் இருபது வயதில் வித்தவுட்டாகப் போனவர்கள் இன்று நம் திண்ணைகளில் எழுபது, எண்பது வயதில் உட்கார்ந்திருக்கிறார்கள். எங்கே இறக்கிவிட்டார்கள், இரவு எங்கே படுத்தீர்கள், எந்த ஊரில் வேலை கிடைத்தது, வடலூரில் எத்தனை நாள் சாப்பிட்டீர்கள் என்று ஒரு போனை வைத்துக்கொண்டு பேரப்பிள்ளைகளே கேட்கலாம். அபராதம் கட்டச் சொல்லி இனி எந்த டி.டி.ஆரும் வரப்போவதில்லை; தாத்தா தைரியமாகவே சொல்வார்.